தன் கணக்கைத் தானே காட்டல்

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலின் கற்சுவரில், அவ்வூர்ப் பெருமக்கள் தங்களுக்குத் தாங்களே விதித்துக்கொண்ட முறைமைகள் வரிவரியாகப் பொறிக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்று ஊர்க்கணக்கு எழுதுவோனைப் பற்றியது. நேரிய வழியில் பொருள் ஈட்டியவனே கணக்கு எழுதுதல் வேண்டும். எழுதிய கணக்கை ஊரவையோராகிய பெருங்குறிப் பெருமக்கள் முன்வைத்து, அவர்கள் அவனை நேர்மையாளன் என ஏற்றபின் அல்லாது அவனுக்கு மீண்டும் அப்பொறுப்பு இல்லை. அவன் எழுதியதை அவனே காட்ட வேண்டுமேயன்றி, வேறொருவன் வந்து அதை முடித்துவைத்தல் ஆகாது. குடத்தில் ஓலையிட்டு ஆள் தேரும் குடவோலை முறையின் புகழை அறிந்தோர் பலர் இருந்தும், இவ்வரிகளின் முன் நின்று சிந்தித்தோர் சிலரே. ஊரைப் பற்றி எழுதுவதையே வாழ்நாட் பணியாக ஏற்கும் ஒருவர் எவ்வாறு வாழ வேண்டும் என்பதற்கு, இதைவிடத் தெளிவான நெறி ஒன்றை நான் கண்டதில்லை.

காஞ்சிபுரத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், நெல்வயல்களும் ஏரிகளும் சூழ அமைந்த ஊர் உத்திரமேரூர். 8ஆம் நூற்றாண்டில் இரண்டாம் நந்திவர்மப் பல்லவன் காலத்தில் அந்தணர்க்கு அளிக்கப்பட்ட சதுர்வேதிமங்கலமாக இது உருக்கொண்டது என்பர். தந்திவர்ம பல்லவனின் சிறப்புப் பெயரைத் தாங்கிய வைரமேக தடாகம் என்னும் பேரேரியும், மூன்று தளங்களிலும் திருமால் உறையும் சுந்தரவரதப் பெருமாள் கோயிலும், கயிலாசநாதர் கோயிலும், முருகன் கோயிலும் அவ்வூரின் பழைமைக்குச் சான்றுகள். ஏரியின் வண்டலை அகற்ற வைத்த கொடை முதல், ஊர் அவையின் பெரும் முடிவுகள் வரை நூற்றுக்கும் மேற்பட்ட செய்திகள் அங்குக் கல்லில் வாழ்கின்றன. அரசர் போரை மட்டும் பேசும் கல்வெட்டுகள் பலவற்றைப் பார்த்துப் பழகியவர்க்கு, ஓர் ஊர் தன் அன்றாட வாழ்வைத் தானே எழுதிவைத்திருப்பது வியப்பளிக்கும்.

முதற் பராந்தகச் சோழனின் 12ஆம் ஆட்சியாண்டில், கி.பி. 919இல், ஊர்ப் பணிகளைக் கவனிக்கும் குழுவான வாரியத்துக்கு ஆள் தேரும் முறையை ஊரவை வகுத்தது. ஊர் குடும்பு எனப்படும் முப்பது பகுதிகளாகப் பகுக்கப்பட்டிருந்தது. கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடையவனாய், தன் மனையில் தானே வீடு கட்டி வாழ்பவனாய், கற்றவனாய், செயலில் வல்லவனாய், ஒழுக்கம் தூயவனாய், அறவழியில் பொருள் ஈட்டியவனாய் இருத்தல் வேண்டும் என்பன போன்ற தகுதிகள் கல்லில் எழுதப்பட்டன. பின்னர் அம்முறை திருத்தம் பெற்றபோது, முன்னர் வாரியம் செய்து கணக்குக் காட்டாதவன் விலக்கப்பட்டான். அவன் மட்டுமன்று, அவனுடைய தாயின் உடன்பிறந்தாள் மக்கள், தந்தையின் உடன்பிறந்தாள் மக்கள், மாமன், மாமனார் என உறவு வட்டம் முழுவதும் விலக்கப்பட்டது. ஒருவன் செய்த பிழையின் சுமை அவனோடு முடிவதில்லை, அவனைச் சார்ந்தோர் மீதும் நெடுங்காலம் அது கிடக்கும் என்பதை அவ்வூரார் அறிந்திருந்தனர். இன்றைய நம் எண்ணத்துக்கு உறவினரைத் தண்டிப்பது கடுமையாகத் தோன்றலாம், தோன்றவும் வேண்டும். ஆயினும் கணக்குக் காட்டாமையை அவர்கள் எத்துணைப் பெரிய குற்றமாகக் கொண்டனர் என்பதை அக்கடுமையே காட்டிவிடுகிறது.

அத்திருத்தம் வந்தது இரண்டே ஆண்டுகள் கழித்து: 921இல் அதே அவை கூடித் தன் முறையைத் தானே திருத்தியது. முதல் முறையில் முப்பதுக்கு மேல் அறுபதுக்குள் என்றிருந்த அகவை வரம்பு, முப்பத்தைந்துக்கு மேல் எழுபதுக்குள் என மாறியது. ஓலை எடுக்கும் முறையும் நுணுக்கமாக விரிந்தது. ஊரார் அனைவரும் கூடிய அவையில், உருவ வேறுபாடு அறியாத சிறுவன் ஒருவன் குடத்திலிருந்து ஓலை எடுக்க, அதை மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரிந்த உள்ளங்கையில் ஏற்று, அனைவரும் கேட்க வாசிக்க வேண்டும். அவன் வாசித்ததை அங்கிருந்த பூசகராகிய நம்பிமாரும் வாங்கி வாசிக்க வேண்டும். அதன் பின்னரே அப்பெயர் ஏற்கப்படும். விரல் மடங்கினால் ஓலை மாறலாம், ஒருவனே வாசித்தால் பெயர் மாறலாம் என்னும் ஐயத்துக்கு இடம் விடாத ஏற்பாடு அது. செய்தியை மக்கள் முன் வைப்பவர்க்கு இதைவிட நேரான இலக்கணம் வேறொன்று வேண்டியதில்லை.

இதனினும் என் மனத்தில் ஆழ்ந்து நிற்பது, அவ்வவை தன் பழைய முறையை அழிக்காமல் விட்டது. 919இன் கல்வெட்டும் 921இன் கல்வெட்டும் ஒரே கோயிலில் உள்ளன. முன்னர் எழுதியதை உளிகொண்டு சிதைத்துவிட்டு, முதலிலிருந்தே தாம் பிழையற்றவர் என்று காட்டிக்கொள்ள அவர்களால் முடிந்திருக்கும். அவ்வாறு செய்யவில்லை. முதலில் இவ்வாறு எண்ணினோம், பிறகு இவ்வாறு திருத்திக்கொண்டோம் என இரண்டையும் பின்வருவோர் முன் வைத்தனர். ஓர் ஊரின் வரலாற்றை எழுதுபவர் ஏற்க வேண்டிய ஒழுக்கம் இதுவே என நான் கருதுகிறேன்.

சான்றாக, இதழியல் கற்பிக்கும் ஓர் ஆசிரியர் ஊர் வரலாற்றுக்குத் தம்மை ஒப்படைத்துக்கொள்வாராயின், அவர் யாரும் அழைக்காத ஒரு பொறுப்பை ஏற்கிறார். குடத்தில் அவர் பெயரை யாரும் இடவில்லை. அவர் காலவரம்பை யாரும் குறிக்கவில்லை. அவர் கணக்கைக் கேட்க ஓர் அவையும் கூடுவதில்லை. கேட்பாரற்ற பொறுப்பு மனிதரை எளிதில் கெடுக்கும். தாம் எழுதியதே ஊரின் வரலாறு எனக் கொள்ளவும், தம்மைத் திருத்துவோரைப் பகைவராக எண்ணவும், தம் குலத்தையும் தம் நண்பரையும் உயர்த்தி எழுதவும் அவருக்கு எந்தத் தடையும் இல்லை. ஆதலால் தடையைத் தாமே தமக்கு அமைத்துக்கொள்பவரிடமே அப்பொறுப்பு தூய்மையாகத் தங்கும்.

அவ்வாறு அமைத்துக்கொண்டு வாழ்ந்த ஒருவரை நம் காலம் கண்டது. 1930ஆம் ஆண்டு ஏப்ரல் 13ஆம் நாள் செட்டிநாட்டுப் பள்ளத்தூரில் பிறந்த எஸ். முத்தையா, இலங்கையில் வளர்ந்து, அமெரிக்காவில் பொறியியலும் பன்னாட்டு உறவுகளும் பயின்று, 1951இல் கொழும்பு திரும்பி டைம்ஸ் ஆஃப் சிலோன் நாளிதழில் சேர்ந்தார். இந்தியாவிலிருந்து குடியேறிய தமிழர்க்கு இலங்கையில் இடம் சுருங்கிவந்த காலம் அது. 1968இல் அவர் சென்னை வந்தார். வந்தபோது அவருக்கு முப்பத்தெட்டு அகவை. கையிலிருந்த தொழிலையும் வளர்ந்த நகரையும் விட்டு, மீண்டும் தொடக்கத்திலிருந்து வாழ்வைக் கட்ட வேண்டிய நிலை. இத்தகைய நிலையில் மனம் கசந்து, இழந்த ஊரையே எண்ணி எஞ்சிய நாளைக் கழிப்போர் பலர். அவர் தாம் வந்து சேர்ந்த நகரைக் கற்கத் தொடங்கினார்.

சென்னையில் அவர் வாழ்வு நில வரைபடங்களை வெளியிடும் நிறுவனம் ஒன்றோடு பிணைந்தது. வரைபடத்தில் தெருவின் பெயர் உண்டு; அப்பெயர் யாருடையது, அத்தெரு ஏன் அவ்வாறு வளைகிறது, அங்கிருந்த மாளிகையில் யார் வாழ்ந்தார் என்பன இல்லை. அவ்வினாக்களுக்கு விடையாக 1981இல் மெட்ராஸ் டிஸ்கவர்ட் என்னும் அவருடைய நூல் வெளிவந்தது. அந்நூல் ஒரு பதிப்போடு முடிந்துவிடவில்லை. பெயரும் மாறி, பக்கமும் பெருகி, முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பதிப்புக்குப் பதிப்பு விரிந்துகொண்டே போயிற்று. முதற் பதிப்பில் விடுபட்டவை அடுத்ததில் சேர்ந்தன. பிழைபட்டவை திருத்தம் பெற்றன. ஒரே நூலை வாழ்நாள் நெடுகத் திருத்தி எழுதுவது புகழை விரைந்து தேடுவோர் செய்யும் செயலன்று.

1991இல் அவர் தொடங்கிய மெட்ராஸ் மியூசிங்ஸ் என்னும் சிற்றிதழ், நகரின் பழைய கட்டடங்களையும் மரங்களையும் நீர்நிலைகளையும் பற்றிப் பேசியது. மெரினாவில் காவல் துறைத் தலைமை அலுவலகம் இயங்கும் பழைய கட்டடத்தை இடிக்கும் எண்ணம் 1990களில் எழுந்தபோது, அதைக் காக்க எழுந்த குரல்களுள் அவ்விதழின் குரலும் ஒன்று. அக்கட்டடம் இன்றும் நிற்கிறது. காக்க முடியாதவையும் உண்டு. 1985இல் எரிந்துபோன மூர் சந்தை அவற்றுள் ஒன்று. காக்க முடியாதவற்றைப் பற்றியேனும் எழுதிவைப்பது எஞ்சிய கடமை எனக் கொண்டவர் அவர். தம்மை வரலாற்றறிஞர் என்று அவர் அழைத்துக்கொள்ளவில்லை. நிகழ்ந்தவற்றைப் பதிவு செய்பவன் என்றே சொல்லிவந்தார். இது பணிவுக்காகச் சொன்ன சொல்லன்று. ஆவணக் காப்பகத்தில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்து மூலங்களை ஒப்பிடும் ஆய்வாளரின் பணி வேறு, தம் பணி வேறு என்று அவர் வரம்பு அறிந்திருந்தார். தம் வரம்பை அறிந்து அதற்குள் முழுமையாக உழைப்பவரிடம் ஊருக்கு நம்பிக்கை பிறக்கிறது.

1999 முதல் தி இந்து நாளிதழில் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வாரந்தோறும் அவர் எழுதிய மெட்ராஸ் மிசலனி என்னும் பகுதியில், வாசகர் மடல்களுக்கெனத் தனியிடம் ஒன்று அடிக்கடி வரும். முன்வாரம் அவர் எழுதியதில் ஒரு பெயர் தவறு, ஓர் ஆண்டு தவறு, ஒரு குடும்பத்தின் வரலாறு வேறு என்று எழுதியோர் சொற்களை அவர் அங்கு வெளியிட்டார். பாட்டனாரைப் பற்றி அறிந்த பேரர் எழுதினார். ஓய்வுபெற்ற பொறியாளர் எழுதினார். கடல் கடந்து வாழும் ஆங்கிலோ இந்தியர் எழுதினர். அவர் பிழை அவர் எழுதிய அதே இடத்தில், அதே வாசகர் முன், அவர் கையாலேயே திருத்தம் பெற்றது. உத்திரமேரூர்க் கணக்கன் ஊரவை முன் செய்ததை இவர் வாரந்தோறும் செய்தார் எனலாம். கணக்கை வேறொருவர் முடிக்கலாகாது என்னும் விதி, எழுதுவோர்க்கு இன்னும் கடுமையானது. ஏனெனில் அவர் மறைந்தபின் அவருக்காக யாரும் கணக்குக் காட்ட முடியாது. அதனை அறிந்தவர் கணக்கை நிலுவையில் வைப்பதில்லை.

பிறர் கண்முன் தம் பிழையை ஏற்பது எளிதான செயல் என்று யாரும் எண்ண வேண்டா. இளமையில் ஒருவர்க்குப் பெயர் இல்லை. ஆதலால் பிழையை ஏற்பதால் அவர் இழப்பது சிறிது. அகவை ஏற ஏறப் புகழும் ஏறுகிறது. புகழ் ஏற ஏற, பிழையை ஏற்கும் ஒவ்வொரு முறையும் இழப்புப் பெரிதாகத் தோன்றுகிறது. அறிஞர் பலரின் முதுமை இவ்விடத்தில்தான் இடறுகிறது. நாற்பது ஆண்டுகளுக்கு முன் சொன்னதைக் காக்கவே எஞ்சிய ஆண்டுகளைச் செலவிட்டு, இளையோர் கொண்டுவரும் புதுச் சான்றுகளைக் காணாமல் கண்ணை மூடிக்கொண்டோர் உண்டு. இளமையிலேயே திருத்தத்தை வழக்கமாக்கிக்கொள்ளாதவர்க்கு முதுமையில் அது வாய்ப்பதில்லை. ஒழுக்கம் என்பது வேண்டும்போது எடுத்து அணியும் அணிகலன் அன்று; நாளும் உடலோடு வளர்ந்து உடலாகவே ஆகிவிடுவது.

கற்பிக்கும் தொழில் இவ்வொழுக்கத்துக்குத் துணைசெய்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். முத்தையா சென்னையில் பாரதிய வித்யா பவனில் பல ஆண்டுகள் இதழியல் கற்பித்தவர். இதழியலின் முதற்பாடம் எங்கும் ஒன்றே: பெயரைச் சரியாக எழுது, நாளைச் சரிபார், சொன்னவர் யார் என்று சொல், கேட்டதையும் கண்டதையும் கலக்காதே. இதனை ஆண்டுதோறும் புதிய மாணவர் முன் சொல்பவர், மாலையில் வீடு திரும்பித் தாம் எழுதும் கட்டுரையில் இதை மீறுவாராயின், தம் சொல்லே தம்மைச் சுடும். ஆசிரியர்க்குக் கிடைக்கும் பெரும்பேறு, தம் அறிவுரையைத் தாமே முதலில் கேட்கும் கட்டாயம். அதைப் பேறாக ஏற்பவர் உயர்கிறார். சுமையாக எண்ணுபவர் வகுப்பில் ஒருவராகவும் வாழ்வில் வேறொருவராகவும் பிளவுபட்டுப் போகிறார்.

1930ஆம் ஆண்டு தமிழகத்துக்கு வளமான ஆண்டாக அமைந்தது. முத்தையா ஏப்ரலில் பிறந்தார். உத்திரமேரூரை ஆய்ந்து நூல் எழுதிய இரா. நாகசாமி ஆகஸ்டில், ஐராவதம் மகாதேவன் அக்டோபரில். மூவரும் வெவ்வேறு வழியில் நடந்து ஓரிடத்தில் வந்து சேர்ந்தனர். ஆட்சிப் பணியிலிருந்து விலகிய மகாதேவன் 1987 முதல் 1991 வரை தினமணியின் ஆசிரியராய் இருந்து நாள்தோறும் செய்தியோடு உழன்றவர். புகளூர்க் கல்வெட்டில் சேரர் பெயர்களை வாசித்தவரும் அவரே. குகைகளில் உள்ள தமிழிக் கல்வெட்டுகளை 1960களில் வாசித்து வெளியிட்ட அவர், 2003இல் பெருநூலாக மீண்டும் வெளியிட்டபோது தம் பழைய வாசிப்புகள் பலவற்றைத் தாமே மாற்றினார். அதற்காக மீண்டும் குன்றுகள் ஏறிக் கற்களை நேரில் பார்த்தார். எழுபதை எட்டிய ஒருவர், நாற்பதுக்குள் பெற்ற புகழைத் தம் கையாலேயே சோதித்துப் பார்த்தார் என்பதை நம் இளைஞர்கள் அறிய வேண்டும்.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளின் வரலாறும் இத்தகைய பொறுமையின் வரலாறே. 1898இல் படியெடுக்கப்பட்ட இவ்விரு கல்வெட்டுகளை வெ. வெங்கையா ஆய்ந்து, தொல்லியல் துறையின் 1904–05ஆம் ஆண்டறிக்கையில் மொழிபெயர்த்து வெளியிட்டார். தேய்ந்த எழுத்துகளை ஒவ்வொன்றாய் வாசித்து, பொருள் ஐயமானவற்றை ஐயம் என்றே குறித்துச் செல்வது அத்தலைமுறை அறிஞரின் வழக்கம். கே.ஏ. நீலகண்ட சாத்திரியார் 1932இல் வெளியிட்ட சோழர் ஆட்சி பற்றிய தம் நூலில் அதே கற்களை மீண்டும் எடுத்துக்கொண்டு, முன்னோர் வாசிப்பை ஆய்ந்தார். 1970இல் பிரெஞ்சு அறிஞர் பிரான்சுவா குரோவும் நாகசாமியும் இணைந்து, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் வழியே, அவ்வூரின் தொன்மங்களையும் வரலாற்றையும் கோயில்களையும் ஒருங்கே ஆய்ந்த நூலை வெளியிட்டனர். ஒரு சுவரை எழுபது ஆண்டுகளில் மூன்று தலைமுறையினர் புதிதாய் வாசித்துள்ளனர். பின்வந்தவர் எவரும் முன்னவரைப் பழித்து உயரவில்லை. முன்னவர் விட்ட இடத்தில் தொடங்கினர்.

ஊர்ப் பெருமை என்பது ஊர் வரலாற்றுக்கு நெருங்கிய உறவு. ஆதலாலேயே அதனிடம் விழிப்பு வேண்டும். உத்திரமேரூரின் பெயர் இன்று நாடு முழுவதும் மேடைகளில் ஒலிக்கிறது. 2020 திசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவிலும் தலைமையமைச்சர் அவ்வூரைச் சுட்டினார். மகிழ்ச்சியே. ஆனால் உலகின் முதல் மக்களாட்சி இது என மேடையில் முழங்குவோர், அக்கல்லில் எழுதியிருப்பதை முழுதும் சொல்வதில்லை. அது அந்தணர் ஊரின் அவை. நிலமும் வேதக் கல்வியும் உடைய ஆடவர்க்கே அதில் இடம். வயலில் உழைத்தோர்க்கும், பெண்களுக்கும், ஊர்க்கோடியில் வாழ்ந்தோர்க்கும் குடத்தில் ஓலை இல்லை. இதனைச் சொல்வதால் கல்வெட்டின் பெருமை குறையாது. கணக்கைக் காட்டும் நெறியும், குற்றம் கண்டால் உடனே விலக்கும் முறையும், ஒருமுறை வாரியம் செய்தவன் மூன்றாண்டு ஒதுங்கியிருக்கும் கட்டுப்பாடும் நாம் இன்றும் கற்க வேண்டியவை. இதனைச் சொல்லாமல் மறைப்பவரோ, கணக்கில் ஒரு பகுதியை மறைத்த கணக்கனை ஒத்தவர். தம் ஊரை நேசிப்பவர் அதன் முழுமையையும் ஏற்றுக்கொண்டு நேசிக்க வேண்டும். அரைகுறை உண்மையில் நிற்கும் நேசம் நெடுங்காலம் தாங்காது.

முத்தையாவின் எழுத்திலும் ஆங்கிலேயர் ஆட்சிக்காலச் சென்னையே மிகுதியாய்ப் பேசப்பட்டது என்னும் குறையை அவர் காலத்திலேயே சிலர் சொன்னார்கள். அக்குறையில் உண்மை உண்டு. ஆங்கிலேயர் கட்டிய கோட்டைக்கு முன்பே இருந்த மயிலையும் திருவல்லிக்கேணியும், வடசென்னையின் உழைப்பாளர் தெருக்களும் அவர் பக்கங்களில் பெற்ற இடம் சிறிது. ஆனால் கிடைத்த ஆவணங்களைப் பின்பற்றி எழுதுபவர், ஆவணம் எழுதியோர் பார்வையில் ஓரளவு சிக்குவது இயல்பு. தாம் பிறந்த சமூகத்தின் செட்டிநாட்டு மரபையும், தம்மைப் போல் இலங்கையை விட்டு நீங்க நேர்ந்த மக்களின் இருநூறு ஆண்டு வரலாற்றையும் தனி நூல்களாக அவர் எழுதிவைத்தார் என்பதை இதனோடு எண்ண வேண்டும். பின்னதை 2003இல் வெளியிட்டபோது, அவர் அந்நாட்டை விட்டு முப்பத்தைந்து ஆண்டுகள் ஆகியிருந்தன. இடம்பெயர்ந்தவன் தன் மக்களுக்குச் செலுத்த வேண்டிய கடன் அது. அதனை அவர் மறக்கவில்லை.

அறவழியில் பொருள் ஈட்டுதல் என்று உத்திரமேரூர்க் கல் சொல்வது, ஊர் வரலாறு எழுதுவோர்க்கு எவ்வாறு பொருந்தும் எனச் சிலர் கேட்கலாம். ஊர் வரலாற்றில் பொருள் எங்கே இருக்கிறது என்பர். பொருள் உண்டு. குடும்பப் பெருமையை எழுதித் தருமாறு பணத்தோடு வருவோர் உண்டு. கோயில் தலவரலாற்றை வேண்டியவாறு திருத்தித் தருமாறு கேட்போர் உண்டு. நில வழக்கில் தமக்குச் சார்பாய் ஒரு பழங்கதை தேடுவோர் உண்டு. பணமாய் வராதது பாராட்டாய் வரும், மேடையில் முன்வரிசை இருக்கையாய் வரும். ஒரு முறை கைநீட்டியவர் எழுதிய அனைத்தின் மீதும் அதன்பின் ஐயம் படரும். அவர் உண்மையாய் எழுதியவையும் அவ்வையத்தில் மூழ்கும். நாற்பது ஆண்டு உழைப்பை ஒரு நாள் ஆசை விழுங்குவது வேறெந்தத் தொழிலைக் காட்டிலும் இத்தொழிலில் விரைவாய் நிகழ்கிறது, ஏனெனில் இங்கு விற்பனைக்கு இருப்பது நம்பிக்கை ஒன்றுதான்.

தன் மனையில் தானே வீடு கட்டி வாழ்பவன் என்ற தகுதியையும் நான் அடிக்கடி எண்ணுவதுண்டு. ஊரில் வாழாதவன் ஊரின் முடிவுகளைச் செய்யக்கூடாது என்பது அதன் கருத்து. ஊர் வரலாற்றாசிரியரும் தாம் எழுதும் மக்களிடையே வாழ்ந்தாக வேண்டும். எழுதியவற்றின் விளைவை மறுநாள் தெருவில் எதிர்கொள்ளும் நிலையில் இருப்பவரின் எழுதுகோல் தானே நிதானம் பெறும். தொலைவிலிருந்து ஓர் ஊரைப் பழிப்பதும் எளிது, தொலைவிலிருந்து அதை வியப்பதும் எளிது. அருகிலிருந்து நேர்மையாய் எழுதுவதற்கு அஞ்சாமையும் அன்பும் ஒருங்கே வேண்டும். இரண்டில் ஒன்று குறைந்தால் எழுத்து வசையாகவோ புகழுரையாகவோ சரிந்துவிடும்.

உத்திரமேரூர் வட்டத்துச் சிற்றூர்களில் இப்பணிக்கு இன்றும் இடம் காத்துக்கிடக்கிறது. ஏரிகளின் பழைய மதகுகள், பெயர் மாறிப்போன தெருக்கள், நிலத்தீர்வைக் கணக்குகளில் மட்டும் வாழும் குளங்கள், கோயில் மதிலில் சுண்ணம் பூசி மறைந்த எழுத்துகள், தறி நெய்தோரின் இடப்பெயர்ச்சி, முதன்முதல் பள்ளிக்குப் போன பெண்களின் நினைவுகள்: இவற்றை எழுதும் பேராசிரியர் ஒருவர் ஒவ்வொரு வட்டத்திலும் வேண்டும். எண்பதைக் கடந்த முதியோர் ஒவ்வொரு கோடையிலும் மறைகின்றனர். அவர்களோடு ஏரி நிரம்பிய ஆண்டுகளின் கணக்கும், எந்த மதகை முதலில் திறப்பது என்னும் வழக்கும் மறைகின்றன. 919இல் ஏரி வாரியத்துக்கு அறுவரைத் தேரும் முறையை வகுத்த மண்ணில், ஏரியின் முறைநீர் வழக்கை எழுதிவைக்க ஒருவரும் இல்லாதிருப்பது குறையே. கல்லூரியில் இதழியல் கற்கும் மாணவர் தம் முதற் பயிற்சியாகத் தம் ஊரின் ஏரியைப் பற்றி எழுதுவாராயின், நகரத்துச் செய்தியறையில் கற்க முடியாத பலவற்றை அங்குக் கற்பார். ஐந்து முதியோரிடம் ஒரே நிகழ்வைக் கேட்டு, ஐந்தும் வேறுபடக் கண்டு, எதை எழுதுவது என்று இரவெல்லாம் எண்ணுபவர்க்கு உண்மையின் அருமை புலப்படும். அவ்வைந்தையும், சொன்னவர் பெயரோடு, அருகருகே எழுதிவைப்பவர் உத்திரமேரூர் அவையோரின் வழியில் நிற்கிறார்.

இவ்வாறு வாழ்வதற்கு நீண்ட காலம் தேவை. ஊர் வரலாற்றின் பயன் விரைந்து தெரிவதில்லை. முதல் பத்தாண்டுகளில் எழுதுபவரை ஊரார் வேலையற்றவர் என்பர். அடுத்த பத்தாண்டுகளில் ஆவணம் தேடுவோர் அவர் வீட்டுக்கு வருவர். அதன்பின் அவர் சொல்லாததையும் அவர் சொன்னதாக ஊர் மேற்கோள் காட்டும். அந்த மூன்றாம் நிலையே பெருஞ்சோதனை. தம் பெயரால் பரவும் பொய்யை மறுப்பதற்கும், தம் புகழைத் தாமே குறைத்துக்கொள்வதற்கும் அப்போது நெஞ்சுரம் வேண்டும். முத்தையா முதுமையிலும் தட்டச்சுப் பொறியின் முன் அமர்ந்து அவ்வாரத்துத் திருத்தங்களை எழுதிக்கொண்டிருந்தார். எண்பத்தொன்பதாம் அகவையைத் தொட்ட சில நாள்களில், 2019 ஏப்ரல் 20ஆம் நாள் அவர் மறைந்தார்.

வாரியம் செய்தவன் மூன்றாண்டு விலகியிருக்க வேண்டும் என்று வகுத்த ஊரார், பொறுப்பு ஒருவனோடு பிறந்து ஒருவனோடு முடிவதன்று என்பதை அறிந்திருந்தனர். மெட்ராஸ் மியூசிங்ஸில் முத்தையாவோடு பல ஆண்டுகள் உடனிருந்து உழைத்த வி. ஸ்ரீராம், அவருக்குப் பின் அதன் ஆசிரியப் பொறுப்பை ஏற்றார். இதழ் தொடர்ந்து வெளிவந்தது. முத்தையா எழுதியவற்றில் ஓர் ஆண்டோ ஒரு பெயரோ தவறென்று கண்டவர்க்கு, அதை எழுதி அனுப்ப அதன்பின்னும் ஓரிடம் இருந்தது.